மனு எழுதும் முன் தெருவை அளந்துவிடுங்கள்

சேலத்து டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு ஆண்டுகள் விசில் ஊதியவன் நான். சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் ஆன பிறகு, கூடையும் பையுமாக ஏறும் பாட்டிமார் பெருகினார்கள். ஏற்றிக்கொண்டோம், இறங்கிய இடத்தில் அவர்கள் சாலையைக் கடக்கத்தான் வழியில்லை. ஓய்வு பெற்றதும் எங்கள் ஸ்டாப்பிங்கில் வெள்ளைக்கோடு கேட்டு மனு கொடுத்தேன். ‘பொதுமக்கள் மிகுந்த அவதிப்படுகிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். ‘ஆவன செய்யப்படும்’ என்று பதில் வந்தது. இரண்டுமே ஒன்றும் சொல்லாத வாக்கியங்கள்.

அடுத்த முறை அளவோடு போனேன். ஒரு டேப், சாக்பீஸ், நொடிமுள் ஓடும் கடிகாரம், தெருவிலேயே மெதுவாக நடக்கும் ஒருவர் போதும். எனக்கு மூட்டுவலிக்காரியான அக்கா வாய்த்தார். காலை எட்டரைக்கு ஒருமுறை, விளக்கு வைத்தபின் ஒருமுறை அளக்க வேண்டும்.

முதலில் சாலையின் அகலம். எங்களுடையது 14 மீட்டர். நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. அப்படியானால் 12 நொடி. அக்காவுக்கு 19 நொடி ஆனது. மிச்சமிருக்கும் ஏழு நொடிதான் உங்கள் மனு. நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு திட்டு வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது.

நடைபாதையை அகலமான இடத்தில் அளந்து ஏமாறாதீர்கள். மின்கம்பத்துக்கும் கடைப்படிக்கும் இடையே டேப்பைப் பிடியுங்கள். தடையின்றி 1.8 மீட்டர் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறை. அங்கே உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவை விரட்டச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவருக்குக் காப்பு. இரவில் எங்கள் ஸ்டாப்பிங்குக்கு வெளிச்சமே அவருடைய விளக்குதான்.

மேம்பாலமும் கேட்க வேண்டாம். சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பில் 2020 முதல் ஈரடுக்குப் பாலம் இருக்கிறது. கீழே நடப்பவர் இன்னும் கையைக் காட்டிக்கொண்டேதான் கடக்கிறார்.

கண்டக்டராக நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. நின்றிருக்கும் பஸ்ஸின் முன்னால் கடப்பவரை, பஸ்ஸை ஒதுக்கி முந்தும் இருசக்கர வண்டிக்காரர் பார்க்கவே முடியாது. ஆகவே கோடு பஸ்ஸின் பின்பக்கம் விழ வேண்டும். அதாவது, பஸ் கோட்டைத் தாண்டிப் போய் நிற்க வேண்டும். இதைப் படமாகவே வரைந்து கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது? மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாவிட்டால் மாநகராட்சியில் தொடங்கலாம். எதுவானாலும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அசைவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

எங்களுக்குக் கோடு போட்டுவிட்டார்கள், பஸ்ஸின் மூக்குக்கு நேராக! அடுத்த மனுவுக்கு நேற்று அக்காவோடு மறுபடி டேப் பிடித்தேன். கோட்டைப் பன்னிரண்டு மீட்டர் பின்னால் தள்ளினால் போதும்.