ஏறி ஏறி இறங்கும் சின்ன எஞ்சின்: கார்புரேட்டரில் எங்கே அடைப்பு, எப்படிக் கழுவுவது

தண்ணீர் பம்ப், பவர் வீடர், கையடக்க ஜெனரேட்டர் எனப் பல கருவிகளில் உட்கார்ந்திருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ் 160 என்ற 163 சிசி எஞ்சின், அல்லது அதைப் பார்த்துச் செய்த சீன நகல். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சீசன் முடிந்து மூன்று மாதம் கொட்டகையில் கிடந்தபின் கயிற்றை இழுத்தால் கிளம்பாது. கிளம்பினாலும் ரேஸ் ஏறி ஏறி இறங்கும். பலரும் உடனே திருப்புளியை எடுத்து கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்குவார்கள். போன சீசனில் ஒழுங்காக ஓடிய எஞ்சினில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. உள்ளே நின்ற பெட்ரோல் காய்ந்து பிசினாகி ஏதோ ஒரு துளையை அடைத்திருக்கும். எந்தத் துளை என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்ப் நினைவிருக்கிறதா? காற்று வேகமாகப் பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். கீழே டப்பாவில் இருக்கும் மருந்து மேலே ஏறித் தூவும். கார்புரேட்டரும் அதே வேலைதான். நடுவில் ஒடுங்கிய குழாய் வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது. கீழே கப்பில் பெட்ரோல். அதில் மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோல் மட்டம் ஏறியதும் நீடில் வால்வை மூடிவிடும், இறங்கினால் திறந்துவிடும். நம் வீட்டு மேல்தொட்டி மிதவை மாதிரி.

கப்பிலிருந்து பெட்ரோல் மேலே போக இரண்டு பாதைகள். இரண்டிலும் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள ஒரு சின்னத் துண்டு உண்டு, அதுதான் ஜெட். நடுத்தண்டில் இருக்கும் மெயின் ஜெட், சுமை ஏறும்போது வேலை செய்வது. துளை சுமார் 0.7 மி.மீ. பக்கத்தில் இருக்கும் பைலட் ஜெட், எஞ்சினுக்குப் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும்போது வேலை செய்வது. அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சின்னத் துளை என்பதால் முதலில் அடைவதும் அதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் ஓடினாலும் சுமை இல்லையென்றால், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் த்ராட்டிலை ஏறக்குறைய மூடியே வைத்திருக்கும். அதனால் அந்த வேகத்திலும் பைலட் பாதையின் பங்கு பெரியது. பைலட் அடைத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து வேகம் விழும். கவர்னர் த்ராட்டிலைத் திறக்கும். மெயின் ஜெட் பாய்ந்து வேகம் ஏறும். கவர்னர் மறுபடி மூடும். ஏறி இறங்கும் சத்தத்தின் காரணம் இதுதான். கவர்னர் ஸ்பிரிங்கை வளைத்து இதைச் சரி செய்யப் பார்ப்பவர்கள் நல்ல கவர்னரைக் கெடுத்துக்கொள்வார்கள்.

ஆக, சத்தத்தை வைத்தே பிரிக்கலாம். சும்மா ஓடும்போது ஏறி இறங்குகிறது, தண்ணீர் இழுக்கத் தொடங்கியதும் சமமாகிவிடுகிறது என்றால் பைலட். சும்மா ஓடும்போது நன்றாக இருந்து, சுமை ஏறியதும் சாய்ந்தால் மெயின் ஜெட், அல்லது கப்புக்குப் போதிய பெட்ரோல் வரவில்லை. காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடினால் எஞ்சின் சீராகிறதா என்று பாருங்கள். சீரானால் பெட்ரோல் குறைவு உறுதி: அடைப்பு, இல்லையேல் பேக்கிங் வழியாகக் காற்று புகுகிறது. கரும்புகை, நனைந்த பிளக் என்றால் பெட்ரோல் அதிகம்: அழுக்கான ஏர் ஃபில்டர், திறக்காத சோக், ஒழுகும் நீடில் வால்வு. பதினைந்து நிமிடம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி கிளம்பினால் மூடியின் காற்றுத்துளைதான் அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் இன்னும் ஒன்று. கப்பின் அடியில் இருக்கும் 10 மி.மீ. வடிகால் போல்ட்டைத் தளர்த்தி, பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் வால்வு) திறந்திருக்கும்போது தாரை தொடர்ந்து வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் சல்லடையையும், காக்கின் அடியில் இருக்கும் சின்ன வண்டல் கிண்ணத்தையும் முதலில் கழுவுங்கள்.

இனிக் கழற்றலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. கவர்னர் கம்பியும் அதன் மேல் ஓடும் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காக்கை மூடி, ஏர் ஃபில்டரைக் கழற்றினால், இரண்டு நீள ஸ்டட்டில் கார்புரேட்டர் செருகியிருப்பது தெரியும். ஃபில்டர் கூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு 10 மி.மீ. நட்டுகளே கார்புரேட்டரையும் பிடித்திருக்கின்றன. பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரை வெளியே இழுத்து, சற்றுச் சாய்த்துக் கம்பியை விடுவியுங்கள். பின்னால் இருக்கும், எஞ்சின் சூட்டைத் தடுக்கும் கறுப்பு இன்சுலேட்டர், அதன் இரு பக்கப் பேக்கிங்குகள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை மாற்றிப் பூட்டினால் எல்லாம் சுத்தமாக இருந்தும் எஞ்சின் ஏறி இறங்கும்.

கப்பின் போல்ட்டைக் கழற்றி, ஃப்ளோட்டைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசியை இழுத்தால் ஃப்ளோட்டும் நீடிலும் சேர்ந்து வரும். நடுத்தண்டுக்குள் மெயின் ஜெட். அதன் அகலத்துக்குப் பொருந்தும் தட்டைத் திருப்புளி இல்லாமல் கை வைக்காதீர்கள், பித்தளை உடனே மழுங்கும். ஜெட்டை எடுத்ததும் பின்னால் துளைகள் நிறைந்த குழல் தானாக விழும். பைலட் ஜெட் எங்கே என்று பலரும் தேடுவார்கள்: மேல்பக்கத்தில், சும்மா ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்பீட் ஸ்க்ரூவின் தலைக்கு அடியில் மாட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு அது. ஸ்க்ரூவைக் கழற்றி மெதுவாக நெம்பினால் வந்துவிடும். “கார்புரேட்டர் கழுவியாச்சு, ஆனாலும் சரியாகல” என்று வரும் எஞ்சின்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் துண்டைத்தான்.

ரப்பர் வளையங்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் கார்புரேட்டர் கிளீனர் அடிக்க வேண்டும். பட்டால் உப்பிவிடும், கப்பின் பேக்கிங் பிறகு பள்ளத்தில் உட்காராது. கண்ணாடி அணியுங்கள், ஒரு துளையில் அடித்தது இன்னொன்றில் பீய்ச்சிக் கண்ணுக்கே வரும். அப்படிப் பீய்ச்சுவதுதான் சோதனையும்: பைலட் துளையில் அடித்தால் த்ராட்டில் தகட்டின் ஓரம் இருக்கும் ஊசித்துளைகளில் வர வேண்டும். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான ஒளி தெரிய வேண்டும். அடைப்பு அசையாவிட்டால் மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழை அல்லது மெல்லிய தங்கூசி (தூண்டில் நரம்பு) போதும். இரும்புக் கம்பியும் டிரில்லும் துளையைப் பெரிதாக்கிவிடும்.

நீடிலின் நுனியில் வளையமாகத் தேய்மானக் கோடு இருந்தால் மாற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கி, உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அதையும் மாற்றுங்கள். நீடிலையும் ஃப்ளோட்டையும் மாட்டிய பின் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, காக்கைத் திறந்து, பெட்ரோல் வரும் வழியில் சுத்தமான குழாய் செருகி ஊதுங்கள்: அடைக்க வேண்டும். ஃப்ளோட்டைத் தூக்கினால் காற்று போக வேண்டும். புது நீடில் போட்டும் ஒழுகினால் அது உட்காரும் இருக்கைதான் தேய்ந்திருக்கிறது. மல்லுக்கட்டாமல் முழு கார்புரேட்டரையே மாற்றுவது மேல். ஒழுகிய பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் ஒரு நிமிடம்கூட ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள், சுமார் 0.6 லிட்டர் பிடிக்கும்.

பூட்டிய பின் ஐந்து நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கி, லீவரை ஸ்லோவுக்குக் கொண்டுவந்து, ஸ்லோ ஸ்பீட் ஸ்க்ரூவால் 1,400 சுற்றுக்கு வையுங்கள். 150 முன்பின் இருக்கலாம். பைலட் பாதையின் கலவையைச் சரிசெய்யும் பைலட் ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால், மெதுவாக அடிவரை திருகி, இரண்டு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். சூடான எஞ்சினில் வேகம் அதிகமாகும் இடத்தில் நிறுத்தி, 1,400ஐ மறுபடி சரிபாருங்கள். அடியில் இறுக்கினால் அதன் ஊசி முனை நசுங்கும்.

இந்தியாவில் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து கப்பின் அடியில் தங்கும். கப்பில் வெள்ளைப் பொடி, பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பு பார்த்தால் அதன் வேலைதான். அதனால் ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் சுவிட்சைப் போட்டு நிறுத்தாமல் காக்கை மூடி, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அப்படி நின்றாலும் கப்பின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, வடிகால் போல்ட்டையும் கழற்றி அந்த மிச்சத்தையும் வடித்துவிட்டு, போல்ட்டை அதன் வாஷரோடு மறுபடி பூட்டி வையுங்கள்.