பிராக் நகரை ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி? மேலிருந்து தொடங்குங்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகுக்குப் போகும் புதியவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பை நானும் செய்தேன். காலையில் பழைய நகரச் சதுக்கம், பிறகு பாலம், கடைசியாகக் கோட்டை. வரைபடத்தில் பார்த்தால் சரியான வரிசைதான். ஆனால் கோட்டை இருப்பது குன்றின் மேல். மூன்று மணி வெயிலில் கருங்கல் பாவிய ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வாசலைத் தொடும்போது உள்ளே போக மனசே இல்லை. அடுத்த முறை வழியைத் தலைகீழாக்கினேன். சுற்றல்களையும் சேர்த்து நாலைந்து கிலோமீட்டர்தான், பெரும்பகுதி இறக்கம். அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

கிளம்பும் முன்

தடித்த அடியுள்ள காலணி கட்டாயம். தெருக்களெல்லாம் சிறுசிறு கல் பாவியவை, மெல்லிய செருப்பு மதியத்துக்குள் காலைப் பதம் பார்த்துவிடும். செலவுக்கு கொருனா வேண்டும், யூரோ இங்கே நாட்டு நாணயம் இல்லை. பணம் மாற்றும் கடைகளில் ‘கமிஷன் பூஜ்யம்’ என்ற பலகையை நம்பாதீர்கள், கையில் எத்தனை கொருனா வரும் என்று முதலில் கேளுங்கள். ஏமாந்துவிட்டாலும் பதற வேண்டாம். 2019இல் வந்த சட்டப்படி, ஆயிரம் யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

படி 1: 22ஆம் எண் டிராமில் மேலே

காலை எட்டு மணிக்குள் 22ஆம் எண் டிராமைப் பிடியுங்கள். காகிதச் சீட்டு வாங்கினால், அதை மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். முத்திரையில்லாத சீட்டும் சீட்டில்லாப் பயணமும் பரிசோதகருக்கு ஒன்றுதான். கூட்டத்தில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் இறங்கும் கோட்டை நிறுத்தத்தில் இறங்காமல், இன்னும் இரண்டு நிறுத்தம் தாண்டி போஹோர்ஷெலெட்ஸில் இறங்குங்கள். பக்கத்திலேயே 1143இல் நிறுவப்பட்ட ஸ்ட்ரஹோவ் மடம். அதன் மதில் ஓரம் நின்றால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் வுல்தாவா ஆறும் கீழே விரியும். இன்று நடக்கப்போகும் ஊர் முழுக்க அங்கிருந்தே தெரியும்.

படி 2: கோட்டை

லொரெட்டான்ஸ்கா தெரு வழியாக நடந்தால் கோட்டையின் முதன்மை வாசல். பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். வளாகத்தில் சுற்ற கட்டணமில்லை, கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. ஞாயிறு காலை வளாகத்துக்குள் இருக்கும் பேராலயத்தில் பூசை நடக்கும், மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்கள். அதனால் வேறு நாளில் வருவது நல்லது.

புனித வீட்டஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல் முடித்தார்கள். வாசலில் நிமிர்ந்து பார்த்து ‘அடேயப்பா, எவ்வளவு பழசு’ என்று வியக்கிறோமே, அந்த முகப்பும் இரட்டைக் கோபுரமும்தான் புதிய பகுதி. பழைய வேலையைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே கிழக்குக் கோடிவரை போக வேண்டும்.

ஆனால் நேரம் குறைவு, ஒரே இடம்தான் என்றால் நான் பழைய அரச மாளிகையைத்தான் சொல்வேன். விளாடிஸ்லாவ் மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையில் ஒரு சன்னல் இருக்கிறது. 1618 மே 23 அன்று, கத்தோலிக்கப் பேரரசர் தரப்பு அதிகாரிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் இங்கிருந்துதான் வெளியே தூக்கி வீசினார்கள். ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். மூவரும் பிழைத்தார்கள்! தேவதைகள் தாங்கிக்கொண்டன என்றது ஒரு தரப்பு, குப்பைமேட்டில் விழுந்ததால் தப்பினார்கள் என்றது மறு தரப்பு. எழுத்தர் ஃபப்ரீசியுஸுக்குப் பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்தது. ‘உயர வீழ்ச்சியார்’ என்று பொருள்படும் பட்டம். சிரிப்பாக இருந்தாலும், ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் மூண்டது இந்தச் சம்பவத்திலிருந்துதான். சன்னலை நினைவில் வையுங்கள், மாலையில் தேவைப்படும்.

கோட்டைக்குள்ளேயே இருக்கும் பொற்சந்து என்ற குறுகிய தெருவில், 22ஆம் எண் வீட்டில் 1916–17இல் எழுத்தாளர் காஃப்கா எழுதிக்கொண்டிருந்தார். வீடு தீப்பெட்டி அளவு, கூட்டமோ திருவிழா. எட்டிப் பார்த்துவிட்டு நகருங்கள். பக்கத்துக் கிழக்கு வாசல் வழியே இறங்கிவிடாமல், வந்த வழியே முதன்மை வாசலுக்குத் திரும்புங்கள். காரணம் அடுத்த படி.

படி 3: நெருதோவா தெரு

கதவு எண்கள் வருவதற்கு முன் இங்கே வீடுகளுக்குச் சின்னம்தான் விலாசம். மூன்று வயலின், இரண்டு சூரியன், சிவப்பு ஆட்டுக்குட்டி என்று வாசலுக்கு மேல் இன்னும் இருக்கின்றன. 1770இல் மரியா தெரேசா அரசியின் காலத்தில் எண் போட்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு எண் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீலப் பலகைதான் தெரு வரிசை எண், வழி தேட அதைப் பாருங்கள். சிவப்பு, பகுதிவாரியான பதிவு எண்.

மதியச் சாப்பாட்டை இந்தப் பக்கமே முடித்துவிடலாம். சைவர்களுக்கு ‘ஸ்மஜெனி சீர்’, அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, கைகொடுக்கும். ‘பெஸ் மாசா’ என்றால் இறைச்சி இல்லாமல். சூப்புக்கும் அதைக் கேட்டுவிடுங்கள். மேசையில் தானாக வந்து உட்காரும் ரொட்டிக்கூடை பல இடங்களில் இலவசமில்லை.

படி 4: சார்லஸ் பாலம்

1357இல் தொடங்கியது, நீளம் 516 மீட்டர். இருபுறமும் 30 சிலைகள், பெரும்பாலும் நகல்கள். மூலங்களை மழைக்கும் புகைக்கும் அஞ்சி அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். 1393இல் ஆற்றில் வீசப்பட்ட புனிதர் நெபோமுக் ஜானின் வெண்கலச் சிலையைத் தேட வேண்டியதே இல்லை. பீடத்துத் தகடு தொட்டுத் தொட்டே பளபளக்கிறது, வரிசையும் நிற்கும். மதியத்தில் பாலம் நெரிசலாகத்தான் இருக்கும். ஆளில்லாப் படம் வேண்டுமென்றால் இன்னொரு நாள் விடியலில் வாருங்கள்.

எதிர்க்கரைக் கோபுரத்தின் அடியில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். சன்னல் கதையின் இரண்டாம் பாகம் இங்கே. 1620இல் வெண்மலைப் போரில் அந்தப் புராட்டஸ்டண்ட் கலகக்காரர்கள் தோற்றார்கள். மறு ஆண்டு தண்டிக்கப்பட்டவர்களில் 12 பேரின் தலைகளை இந்தக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள், பெரும்பாலானவை பத்தாண்டுகள் அங்கேயே இருந்தன.

படி 5: கடிகாரம்

கார்லோவா தெருவின் வளைவுகளில் கூட்டத்தோடு போனால் பழைய நகரச் சதுக்கம். நகர மன்றச் சுவரில் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம். மணிக்கொருமுறை எலும்புக்கூடு மணியை இழுக்க, இயேசுவின் சீடர்கள் சன்னலில் வந்து போவார்கள். அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ‘இவ்வளவுதானா’ என்பீர்கள். என்னைக் கேட்டால், பொம்மைகளை விட்டுவிட்டு முகப்பைப் படிக்கலாம். நமக்கு அது சுலபம். உள்ளே தள்ளி இருக்கும் வளையத்தில் பன்னிரண்டு ராசிகள். ஆனால் ஏப்ரல் கடைசியில் போனால் சூரியன் அங்கே ரிஷபத்தில் இருக்கும், நம் பஞ்சாங்கத்திலோ இன்னும் மேஷம்தான். அவர்கள் கணக்கு சம இரவு நாளிலிருந்து தொடங்குகிறது, நம்முடையது நட்சத்திரங்களை வைத்து. வெளி வளையத்தின் 24 எண்கள் பழைய செக் மணி. நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதுபோல, அவர்கள் அஸ்தமனத்திலிருந்து மணி எண்ணினார்கள்.

படி 6: தரையைப் பாருங்கள்

கடிகாரச் சுவரின் மூலை திரும்பி, நகர மன்றத்தின் கிழக்குப் பக்கம் வாருங்கள். தரைக் கற்களில் வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கும். 1621 ஜூன் 21 அன்று அந்தக் கலகத்துக்காக இந்தச் சதுக்கத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு ஆளுக்கொன்றாக 27. பிரபுக்கள் 3 பேர், வீரமரபினர் 7 பேர், மீதி 17 பேர் ஊர்க்காரர்கள். மணி நெருங்கும்போது கூட்டம் இங்கேவரை நின்றுவிடும், சிலுவைகள் காலடியில் மறைந்துபோகும். மணி அடித்து எல்லோரும் கலையும் அந்த இரண்டு நிமிடம்தான் எண்ணிப் பார்க்க வசதி.