சீசன் தொடக்க ஆட்டம்: புதிய கமிட்டிகள் செய்யும் தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் இளவட்டங்கள் சொந்தமாகக் கால்பந்து லீக் நடத்த ஆரம்பித்திருக்கிறார்கள். ஐப்பசி மழை ஓய்ந்ததும், போன வருட லீக் சாம்பியனையும், தோற்றால் வெளியேறும் கப் போட்டியை ஜெயித்த டீமையும் ஆடவிட்டு சீசனைத் தொடங்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அந்த ஒரே ஆட்டத்தில், எங்கள் காலத்து கமிட்டிகள் செய்த தவறுகளையே திரும்பவும் செய்கிறார்கள். கோடு போட சுண்ணாம்பு வாங்க மறந்தது, விசில் தொலைந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் அதெல்லாம் தானாகவே சரியாகிவிடும்.

இரண்டையும் ஒரே டீம் ஜெயித்தால்?

இதற்கு விதி எழுதாமல் சீசனைத் தொடங்குவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

எல்லையின் இரண்டு பக்கத்து டீம்களும் ஆடும் ஒரு லீக்கில் இப்படித்தான் ஆனது. லீக்கை ஜெயித்த டீமே கப்பையும் தூக்கிவிட்டது. அதற்கப்புறம் கமிட்டித் தம்பி ஒருவர் போன் செய்தார். "ஏனுங்கண்ணா, லீக்கும் அவங்களே, கப்பும் அவங்களே. எதுத்தாப்ல யாரை எறக்கறதுங்க?" விதித்தாளைப் படிக்கச் சொன்னேன். லீக் சாம்பியனும் கப் வின்னரும் ஆடுவார்கள் என்று ஒரே ஒரு வரி இருந்தது. லீக்கில் இரண்டாவது வந்தது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து டீம். கப் ஃபைனலில் தோற்றது பொள்ளாச்சிப் பக்கத்து டீம். இரண்டு தரப்பும் தங்களுக்குத்தான் இடம் என்று வந்து நின்றன. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது.

பெரிய நாடுகளிலேயே இதற்கு ஒரே வழக்கம் கிடையாது. இங்கிலாந்தின் சீசன் தொடக்க ஆட்டமான கம்யூனிட்டி ஷீல்டில், லீக்கில் இரண்டாவது வந்த ரன்னர்ஸைக் கூப்பிடுவார்கள். 2023இல் மான்செஸ்டர் சிட்டி லீக், எஃப்.ஏ. கப் இரண்டையும் ஜெயித்திருந்ததால், லீக்கில் இரண்டாவது வந்த ஆர்சனல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஆடியது. பெனால்டியில் ஷீல்டையும் ஜெயித்தது. இத்தாலியில், இரண்டு டீம் மட்டும் ஆடிய காலத்தில், கப் ஃபைனலில் தோற்ற டீமுக்கு இடம் கொடுத்தார்கள். 2015இல் யுவென்டஸ் இரண்டையும் ஜெயித்தபோது, லீக்கில் இரண்டாவது வந்த ரோமாவுக்கு வாய்ப்பில்லை, லாசியோதான் ஆடியது. அதே வருடம் ஸ்பெயினில் பார்சிலோனா இரண்டையும் ஜெயித்தது. கப் ஃபைனலில் அவர்களிடம் தோற்ற அத்லெடிக் பில்பாவோ, அங்கே இதே மாதிரி ஆட்டமான சூப்பர் கப்புக்கு வந்து, இரண்டு ஆட்டமும் சேர்த்து 5-1 என்று கணக்குத் தீர்த்தது. இரண்டையும் ஜெயித்ததால் 1984இல் அதே பில்பாவோவுக்கும் 1989இல் ரியல் மாட்ரிட்டுக்கும் ஆட்டமே வைக்காமல் சூப்பர் கப்பைக் கொடுத்த கதையும் ஸ்பெயினில் உண்டு.

இதில் எந்த வழியை எடுத்தாலும் குற்றமில்லை, முதல் லீக் ஆட்டத்துக்கு முன்பே எழுதி எல்லா டீம் மேனேஜர்களிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால். யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தபிறகு முடிவெடுத்தால், அது ஒரு ஊருக்காக எடுத்த முடிவாகத்தான் தெரியும். எல்லை ஊர்களில் அந்தப் பேச்சு ஒரே ராத்திரியில் தமிழ் டீம், மலையாளி டீம் என்று திரும்பிவிடும். அன்று அப்படியே திரும்பியது. கமிட்டி லீக் ரன்னர்ஸைக் கூப்பிட்டது. மற்ற டீம் அந்த சீசனிலிருந்தே விலகிக்கொண்டது. கோப்பைக்குப் பணம் தருவதாகச் சொன்னவர் அந்த டீமின் ஊர்க்காரர். அவரும் கையை விரித்துவிட்டார். ஃபிளட்லைட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பவில்லை. இரண்டு வரி எழுதியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

என்னைக் கேட்டால் லீக் ரன்னர்ஸுக்கே இடம் கொடுக்கலாம். கப் ஃபைனல் வரை வர சில ஆட்டங்கள் போதும். லீக்கில் இரண்டாவது வர சீசன் முழுக்க ஓட வேண்டும்.

நட்பு ஆட்டம்தானே என்ற நினைப்பு

அப்படி நினைத்து ரெஃப்ரியாக உள்ளூர் ஆளை நிறுத்துகிறார்கள். 1974இல் வெம்ப்ளியில் லீட்ஸும் லிவர்பூலும் ஆடிய ஆட்டத்தைப் படித்துப் பாருங்கள். கெவின் கீகனும் பில்லி பிரெம்னரும் கைகலந்து, இரண்டு பேரும் வெளியேற்றப்பட்டார்கள். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார்கள். அதுவும் சீசன் தொடக்க ஆட்டம்தான். லீக்கிலோ கப்பிலோ ஆடாத ஊரிலிருந்து ரெஃப்ரியைக் கூட்டி வாருங்கள். இந்த ஆட்டத்தில் வாங்கும் ரெட் கார்டு லீக்கிலும் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிரா ஆனால் கோப்பையைப் பங்கு போடுவது

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் போட்டார்கள். 1991இல் ஆர்சனலும் டாட்டன்ஹாமும் கோல் இல்லாமல் முடித்து, ஆளுக்கு ஆறு மாதம் என்று ஷீல்டை வைத்துக்கொண்டன. இங்கே ஆறு மாதம் கழித்துக் கோப்பையைத் திரும்ப வாங்கப்போவது யார்? எக்ஸ்ட்ரா டைமும் வேண்டாம். ஜெனரேட்டருக்கு டீசல் போட்டு மாளாது. நேராகப் பெனால்டிக்குப் போய்விடுங்கள். 2025இல் லிவர்பூலும் கிரிஸ்டல் பேலஸும் 2-2 என்று முடித்தபோது அப்படித்தான் போனார்கள். பேலஸ் 3-2 என்று ஜெயித்தது.

பெனால்டி எந்தப் பக்கத்து கோல் போஸ்டில்?

ரெஃப்ரி டாஸ் போடுவார். கூட்டம் சொல்லக் கூடாது.

போன வருட ஆட்கள்

கோப்பையை ஜெயித்தது போன வருட டீமாக இருக்கலாம். ஆடுவது இந்த வருடப் பதிவில் உள்ளவர்கள் மட்டும். டீம் மாறியவர் புது டீமுக்குத்தான் ஆட வேண்டும்.

நோட்டீஸ்

தமிழிலும் மலையாளத்திலும் அடியுங்கள்.

கேலரி

முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் நிச்சயம் வரும். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் பூங்கோட்டில் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டத்தின்போது பார்வையாளர்களுக்கான தற்காலிக கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். மழை விட்ட கையோடு நடும் கால்கள் இளகிய மண்ணில் நிற்காது. கட்டியவரையே மறுநாள் வரச்சொல்லி ஒவ்வொரு காலையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று ஆடினாலும் அந்தப் பக்கத்துக்கு டிக்கெட் விற்காதீர்கள்.