நிறை, எடை, நிலைமம்: கணக்கில் விசைகளைப் பிரித்துப் போடுவது எப்படி?

புதிதாக இயற்பியல் படிப்பவர்களுக்குச் சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும், ஆனால் கணக்கைக் கையில் கொடுத்தால் எந்த விசையை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். வீட்டில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது பல வழிகளையும் பார்த்துவிட்டுக் கடைசியில் நான் பிடித்துக்கொண்ட வரிசை இது. அலகு மாற்றம், சூத்திரம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கே போகிறேன்.

தேவையானவை: ஒரே மாதிரியான இரண்டு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள், நூல், ஒரு தடித்த புத்தகம், 10 நியூட்டன் வரை காட்டும் சுருள்வில் தராசு. தராசு நியூட்டனில் அளவு குறித்ததாகவே இருக்கட்டும். கிராமில் மட்டும் குறித்த தராசும் விசையைத்தான் அளக்கிறது, ஆனால் நிறையைக் காட்டுவதுபோல் காட்டிக் குழப்பிவிடும்.

படி 1: எடையை அளந்துவிடுங்கள்

ஒரு பாட்டிலில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பித் தராசில் தொங்கவிடுங்கள். 5 நியூட்டனை ஒட்டிக் காட்டும். அரை கிலோ தண்ணீரைப் பூமி 4.9 நியூட்டன் விசையோடு இழுக்கிறது, மிச்சம் பாட்டிலுடையது. இதே தண்ணீரை நிலாவுக்குக் கொண்டுபோனால் முள் 0.8 பக்கம் நிற்கும், ஏனென்றால் பூமியில் 9.8 மீட்டர்/விநாடி² இருக்கும் ஈர்ப்பு முடுக்கம் அங்கே 1.62தான். தண்ணீரின் நிறை அப்போதும் அரை கிலோதான், மாறியது எடை, அதாவது ஈர்ப்பு அதை இழுக்கும் விசை. இந்தப் படியில் இவ்வளவு போதும்.

படி 2: நிலைமத்தை விரலால் உணருங்கள்

நிரம்பிய பாட்டிலையும் காலிப் பாட்டிலையும் ஒரே நீளமுள்ள நூல்களில் கட்டிக் கதவு நிலையிலிருந்து தொங்கவிடுங்கள், நூல் நீளமாக இருந்தால் நல்லது. ஆட்டம் நின்றதும் இரண்டையும் ஒரே விரலால், ஒரே மாதிரி பக்கவாட்டில் தள்ளுங்கள். காலிப் பாட்டில் பறக்கும், நிரம்பியது சோம்பலாக நகரும். கவனியுங்கள், எடையை நூல் தாங்கிக்கொண்டிருக்கிறது, உங்கள் விரல் எதையும் தூக்கவில்லை, அப்படியிருந்தும் விரலுக்கு வித்தியாசம் தெரிகிறது. வேகம் மாறுவதை எதிர்க்கும் இந்தக் குணம்தான் நிலைமம், அதற்கு அளவுகோல் நிறை. அப்புறம் இரண்டையும் ஒரே வேகத்தில் ஆடவிட்டு உள்ளங்கையால் நிறுத்திப் பாருங்கள். நிரம்பியதை நிறுத்துவதும் அதே அளவுக்குச் சிரமம்.

கனமான அலமாரியைத் தள்ள முடியாததை நிலைமத்துக்கு உதாரணமாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அங்கே உங்களை முதலில் தடுப்பது உராய்வு. உராய்வு எடையைப் பொறுத்தது, அதனால் நிறையும் எடையும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடும். நூலில் தொங்கவிட்டால் அந்தக் குழப்பமே வராது.

படி 3: ஒரே ஒரு பொருள், அதன்மேல் செயல்படும் விசைகள் மட்டும்

இங்கேதான் நிதானம் வேண்டும். புத்தகத்தை நூலால் கட்டி, சுருள்வில் தராசை மாட்டி, மேசைமேல் ஒரே சீரான வேகத்தில் இழுங்கள். தராசு 1.5 நியூட்டன் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உராய்வு எவ்வளவு?

பெரும்பாலானவர்கள் 1.5ஐ விடக் குறைவாக ஒரு எண்ணைச் சொல்வார்கள். புத்தகம் நகர்கிறதே, இழுக்கிற விசை கூடுதலாக இருந்தால்தானே நகரும் என்பது அவர்கள் வாதம். இல்லை, உராய்வும் சரியாக 1.5 நியூட்டன்தான். வேகம் மாறவில்லை என்றால் விசைகள் சமன்பட்டுவிட்டன என்று அர்த்தம், புத்தகம் நின்றாலும் சரி, நகர்ந்தாலும் சரி. நம்பிக்கை வரவில்லையா? இன்னும் கொஞ்சம் வேகமாக, ஆனால் மறுபடி சீராக இழுங்கள். முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். கிளம்பும் கணத்தில் முள் ஒரு துள்ளு துள்ளி இறங்கும், அந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டாம். ஓய்வு நிலை உராய்வு அதிகம், அத்துடன் புத்தகத்தை வேகப்படுத்தவும் அந்த நேரத்தில் விசை தேவைப்படுகிறது.

படம் வரையப் பென்சிலும் தாளும்தான் என் தேர்வு. செயலிகளில் அம்புக்குறிகள் தானாக வந்துவிடுகின்றன, எந்த அம்பு ஏன் வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை. புத்தகத்தை ஒரு புள்ளியாக வையுங்கள். கீழே எடை, மேலே மேசை தாங்கும் விசை, ஒரு பக்கம் இழுவிசை, மறுபக்கம் உராய்வு. ஒவ்வொரு அம்புக்கும் "இதைத் தருவது யார்?" என்று கேளுங்கள், பதில் இல்லாத அம்பை அழித்துவிடுங்கள். நகரும் திசையில் சும்மா ஓர் அம்பு போட்டு "நிலைம விசை" என்று எழுதுவது அப்படித்தான் அழிய வேண்டியது.

படி 4: லிஃப்டில் சரிபார்க்கலாம்

60 கிலோ நிறையுள்ள ஒருவர் எடை பார்க்கும் கருவிமேல் நின்றுகொண்டு லிஃப்டில் மேலே போகிறார். கிளம்பும்போது முடுக்கம் 1 மீட்டர்/விநாடி² என்றால் கருவி அவரை 60 × (9.8 + 1) = 648 நியூட்டன் விசையோடு தாங்க வேண்டும், கருவி அதை 9.8ஆல் வகுத்து 66 கிலோ என்று காட்டும். நடுவழியில் சீரான வேகம், மறுபடி 588 நியூட்டன், 60 கிலோ. மேலே நெருங்கி அதே அளவில் வேகம் குறையும்போது 54ஐ ஒட்டி இறங்கும். முள் வைத்த பழைய கருவிதான் இதற்கு ஏற்றது, டிஜிட்டல் கருவிகள் பலவும் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டு அசையாது.

எடையும் தாங்கும் விசையும் செயல், எதிர்ச்செயல் இணை (இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் சமமான, எதிரெதிர் விசைகள்) அல்ல என்பதும் இங்கே தெரிந்துவிடும். அவை இணையாக இருந்தால் எப்போதும் சமமாக இருந்தாக வேண்டும், லிஃப்டிலோ ஒன்று 588, இன்னொன்று 648. எடையின் உண்மையான இணை, அவர் பூமியை இழுக்கும் விசை. அது பூமியின்மேல் செயல்படுவதால் நம் படத்தில் வராது.

பின்சேர்க்கை: விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்மேல் விசைகள் சமன்பட்டிருக்கின்றனவா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். படி 3ன் "இதைத் தருவது யார்?" என்ற கேள்வியையே போடுங்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 8.7 இருக்கிறது, ஆகவே அதே 60 கிலோ ஆளைப் பூமி 520 நியூட்டனுக்கு மேல் இழுக்கிறது. எதிராகத் தாங்க யாரும் இல்லை. சமன்பட்டிருந்தால் நேர்கோட்டில் போயிருப்பார், சமன்படாததால்தான் பூமியைச் சுற்றி வளைகிறார். நிலையமும் அவரோடு சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடைக் கருவி அங்கே பூஜ்யம் காட்டும். அதனால் அங்கே நிறையை அளக்க, ஒரு சுருள்வில் உடலை இழுக்கும்போது அது எவ்வளவு முடுக்கம் அடைகிறது என்று பார்க்கிறார்கள். தொங்கும் பாட்டிலை விரலால் தள்ளிப் பார்த்த அதே வேலைதான்.