முதல் வாரத்தில் தெரியும் ஊரும், குடியிருக்கப் போகும் ஊரும்

அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களில் பலர், வந்த முதல் வாரத்திலேயே ஊரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, அதை நம்பி ஓராண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். வந்து இறங்கிய பருவமும், ஊரைச் சுற்றிக் காட்டிய நண்பரின் காரும்தான் அந்த முடிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பதால், சற்றுப் பொறுத்திருங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

சியாட்டிலை ஜூலையில் பார்ப்பவர் உடனே மயங்கிவிடுவார். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். வானம் தெளிந்த நாளில் ரெய்னியர் பனிமலை நகருக்குள்ளிருந்தே தெரியும். அதே ஊரில் டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆண்டு மழையளவைக் கணக்கிட்டால் சென்னையில்தான் அதிகம். ஆனால் சென்னையில் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது, சியாட்டிலில் அக்டோபர் தொடங்கி மாதக்கணக்கில் தூறிக்கொண்டிருக்கும். அலுவலகம் செல்பவருக்கு இது பழகிவிடும். வேலை அனுமதியின்றி வீட்டில் தனித்திருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ அந்த இருட்டு மிகவும் கடினமானது. நூலகம், உடற்பயிற்சிக் கூடம், பேருந்து நிறுத்தம் ஆகியவை நடந்து செல்லும் தூரத்தில் உள்ள வீட்டை அவர்களுக்காகவே தேடுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் கோடையிலும் பசிபிக் மூடுபனி குளிரூட்டும். அதே நாளில் அருகிலுள்ள ஃப்ரீமான்ட்டில் நல்ல வெயில் அடிக்கும். கலிஃபோர்னியா என்றாலே வெப்பம் என்று எண்ணி ஸ்வெட்டரை ஊரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

ஹூஸ்டனில் முதலில் கண்ணில் படுவது அகன்ற சாலைகளும் பெரிய வீடுகளும். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பதும் சேர்ந்துகொள்ள, மனம் எளிதில் நிறைந்துவிடுகிறது. ஆனால் நகரின் தெற்கே பியர்லாந்தில் உள்ள மீனாட்சி கோயிலுக்கோ, சில இடங்களில் அடுத்த தெருக் கடைக்கோகூடக் காரின்றிச் செல்வது சிரமம். தரைத்தள வீடாக இருந்தால், 2017ஆம் ஆண்டு ஹார்வி புயலின்போது அங்கே தண்ணீர் புகுந்ததா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வாடகைதாரர்களுக்கான வழக்கமான காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பொதுவாக ஈடு தராது.

நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டிக்கு வருபவர்களோ, பழைய கட்டடங்களையும் இரைச்சலையும் கண்டு முகம் சுளிக்கிறார்கள். ஆயினும் ஜர்னல் ஸ்குவேர் நிலையத்தை ஒட்டிக் குடியிருந்தால், இந்திய மளிகைக் கடைகளுக்கு நடந்தே போகலாம். நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு நள்ளிரவிலும் பாத் (PATH) எனப்படும் நகர ரயில் உண்டு. கார் ஓட்டத் தெரியாதவருக்கு, முதலாண்டில் இதைவிட வசதியான இடங்கள் அந்நாட்டில் குறைவு என்றே கருதுகிறேன்.

எந்த ஊரானாலும், கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வேலைநாளின் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து அலுவலகம் வரை சென்று பாருங்கள். மாலையில் பால் வாங்கக் கடைக்கு நடந்து பாருங்கள். வாடகை சற்றுக் கூடினாலும், முதலில் மூன்று மாத ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேளுங்கள்.