நாலே உணவில் வளரும் பிள்ளைக்கு வைட்டமின் சி: என் அனுபவம்

எடை சரியாக இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பால், பிஸ்கட் என்று நாலே உணவை மட்டும் தின்னும் பிள்ளைக்கு எடை ஏறும். வைட்டமின் சி வற்றிப்போகும். 1 முதல் 3 மாதத்தில் உடம்பு காட்டிக்கொடுக்கும். முதலில் கால் வலி. நொண்டும், பிறகு நடக்கவே மறுக்கும். மூட்டு நோய் என்று அலைவதற்கு முன் ஈறைப் பாருங்கள்: பல்லிடுக்கில் ஊதா நிறத்தில் புடைத்து, தொட்டாலே ரத்தம் கசியும். முழங்காலுக்குக் கீழே மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள்; முடி கம்பிச்சுருள்போல முறுக்கியிருக்கும்.

7 நாள் சாப்பாட்டை அளவோடு எழுதி டாக்டரிடம் கொடுங்கள். நான் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். சோதனைக்கு ரத்தம் எடுத்த கையோடு வைட்டமின் சி மாத்திரை தொடங்கலாம். முந்திக்கொண்டால் ரத்தத்தில் சி அளவு சரியாக இருப்பதுபோலக் காட்டும். பிள்ளைகளுக்கு வழக்கமாகத் தருவது 100 மில்லிகிராம், நாளுக்கு 3 வேளை, ஒரு வாரம்; பிறகு ஒரு வேளையாக, முழுதும் தேறும்வரை. சோர்வு ஓரிரு நாளில் விலகும். கால் வலிக்குப் பொறுமை வேண்டும்.

பலரும் சறுக்குவது வைட்டமின் சி பொடியைப் பாலில் ஒளித்துக் கலப்பதில். ருசி மாறியது தெரிந்தால் அந்தப் பாலும் போய்விடும், பாவம், இருப்பதே நாலு! தனிக் கிண்ணத்தில், சொல்லிவிட்டு, ஒரு துளியிலிருந்து தொடங்குங்கள். சூடானதில் வேண்டாம், சி சிதையும்.

ரத்தத்தில் பி12, டி, இரும்பு அளவையும் சேர்த்துப் பாருங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகும், நரம்பு கெடுவது தொடரும். பி12 குறைந்தால் கண் நரம்பும் கெடலாம்; சிவப்பு நிறம் மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.