டேலில்லி செத்தால் உடனே நத்தையைத் திட்டாதீர்கள்

கொழும்பை அடுத்த தெஹிவளையில் எங்கள் வீட்டு மதிலோரம் டேலில்லி என்ற பூச்செடியில் ஆறு கன்று நட்டேன். மே மாத மழையில் நான்கு சாய்ந்தன. நத்தைதான் என்று நினைத்து ஒன்றைப் பிடித்து இழுத்தால், இலைக்கொத்து மட்டும் கையோடு வந்தது. தூர் கூழாகி நாறியது. கடித்த அடையாளம் எதுவுமில்லை.

பிழை என்னுடையது. பெயரில் லில்லி இருப்பதால் வெங்காயம் போலக் கிழங்கு இருக்குமென்று அரையடி ஆழத்தில் புதைத்திருந்தேன். இதற்குக் கிழங்கே கிடையாது, சதைப்பிடிப்பான வேர்கள்தான். தூர் மண்மட்டத்திலிருந்து ஓர் அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை கொட்டும் கொழும்பில் பாத்தியையும் அரையடி உயர்த்தித்தான் ஆக வேண்டும். மிஞ்சிய இரண்டும் அப்படித்தான் பிழைத்தன.

படத்தில் மயங்கிக் கன்று வாங்குவது அடுத்த தவறு. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் ரகங்களுக்கு இங்கே உறக்கமே கிடைக்காது. வருடத்துக்கு வருடம் மெலியும். எப்போதும் பச்சையாக நிற்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். ஆறு மணி நேர வெயிலும் வேண்டும்.

நத்தை வராது என்றும் சொல்லவில்லை. 1900 அளவில் இலங்கைக்குள் வந்த ஆப்பிரிக்க இராட்சத நத்தை இளந்தளிரை ஒரே இரவில் மொட்டையடிக்கும். அதற்காகப் பாத்தியில் உப்புத் தூவினால் செடியும் சேர்ந்து கருகும். மெட்டல்டிஹைட் கலந்த நத்தை மருந்தைத் தின்ற நாய்க்கு வலிப்பு வரும், உயிரும் போகலாம். இருட்டியதும் டோர்ச்சோடு போய்ப் பொறுக்குவதே மேல். ஆனால் வெறுங்கையால் வேண்டாம். மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணி நத்தைக்குள் இருக்கலாம். மூலையில் கொஞ்சம் புதரை விட்டுவைத்தால் செண்பகப் பறவை வரும். அதற்கு நத்தை என்றால் விருந்து.

குரங்குக்குப் பயந்து தளர்வாக வலை போர்த்தாதீர்கள். எங்கள் வலையில் மாட்டியது ஒரு சாரைப்பாம்பு. கத்தரிக்கோலால் வெட்டி விடுவிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. குரங்கோ அன்றைக்கும் வந்து மொட்டைத் தின்றுவிட்டுத்தான் போனது. ஒரு பூ ஒரு நாள்தான். தண்டில் மற்ற மொட்டுகள் இருக்கின்றன என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் பூனை இருந்தால் இந்தச் செடியே வேண்டாம் என்பேன். இலை, பூ, மகரந்தம் எது வாய்க்குள் போனாலும் பூனையின் சிறுநீரகம் பழுதாகும். கடித்ததைக் கண்டால் வாந்தி வரட்டும் என்று பார்த்திருக்காமல் அப்போதே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.